ஐந்து பேருக்கு ஆறு: தோட்டப்புறப் பாலர்பள்ளிக்குப் பொருள் கொடுப்பவர்களுக்கு

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்திலும், பள்ளி ஆண்டு தொடங்கும் மாதத்திலும், தோட்டப்புறப் பாலர்பள்ளிகளுக்குப் பொருள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மற்ற மாதங்களில் வரத்து அநேகமாக நின்றுவிடும். பெட்டியைத் திறந்தால் எந்த ஊரிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பள்ளிப்பை, பன்னிரண்டு நிற வண்ணப்பென்சில், கோடு போட்ட நோட்டு, ஏ-பி-சி படத்தாள், இரண்டு மூன்று பொம்மை, கொஞ்சம் பழைய கதைப்புத்தகம். கொடுப்பவர்களின் மனசில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பொருளில் பாதி, ஆண்டு முடியும்வரை பிள்ளை கை படாமலே அலமாரியில் இருந்துவிடுகிறது. ஏன் அப்படி ஆகிறது, ஆகாமலிருக்க எதை, எத்தனை, எந்த நிலையில் கொடுக்க வேண்டும் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயாவை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை. ஊர்க்காரர்கள் பலர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தென்னமரம் தோட்டம், இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை, பக்கத்தில் சிலாங்கூர் ஆறு, தாழ்வான நிலம். லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் இப்போது மலிவுவிலை வீடுகளிலும் தாமான் எனும் குடியிருப்புகளிலும் இருக்கின்றன. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் பெற்றோரும் உண்டு, தொழிற்சாலை வேன் ஏறும் பெற்றோரும் உண்டு. பல வீடுகளில் கத்தரிக்கோலும் பசையும் படப்புத்தகமும் பிள்ளைக்கென்று தனியாக இருக்காது. அந்தப் பிள்ளை முதன்முதலாக வெட்டுவதும் ஒட்டுவதும் அடுக்குவதும் பாலர்பள்ளியில்தான் நடக்கும். அதனால் இங்கே கொடுக்கும் பொருள் அலங்காரத்துக்கு இருக்கக்கூடாது, வேலை செய்ய வேண்டும்.

ஏன் ஆறு

அரசாங்கப் பாலர்வகுப்பில் அதிகபட்சம் 25 பிள்ளைகள். ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். 25 பேரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்தால் ஆசிரியரால் யார் கையையும் கவனிக்க முடியாது. ஆகவே நல்ல வகுப்பு ஐந்து மூலைகளாகப் பிரிந்து நடக்கும்: கட்டை மூலை, படம் வரையும் மூலை, புத்தக மூலை, எண் மூலை, வீடு-கடை விளையாட்டு மூலை. மூலைக்கு ஐந்து பேர். அந்த ஐந்தோடு, உடைவதற்கும் தொலைவதற்கும் ஒன்று சேர்த்து, எந்தப் பொருளும் ஆறாக வர வேண்டும்.

ஒன்றாக வந்தால் என்ன நடக்கிறது? நான்கு வயதுப் பிள்ளைக்கு முறை வரும்வரை காத்திருப்பது கடினம். இழுபறி வரும், அழுகை வரும், இரண்டாம் நாள் ஆசிரியை அதை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவே முடியாது. இருபத்தைந்தும் வெவ்வேறாக வந்தால் இன்னொரு தொல்லை: பிள்ளை ஒவ்வொன்றையும் ஒரு தடவை தொட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். ஒரே பொருள் ஐந்து பேர் கையிலும் இருக்கும்போதுதான் பக்கத்துப் பிள்ளை எப்படிச் செய்கிறது என்று பார்த்துச் செய்வதும், தோற்றுப்போய் மறுபடி செய்வதும் நடக்கும். இந்த வயதில் கற்றல் என்பதே பெரும்பாலும் அந்த மறுபடிதான். எனவே பத்துப் பேர் சேர்ந்து பத்து வகைப் பொருள் வாங்குவதைவிட, அந்தப் பத்துப் பேரும் பேசி வைத்துக்கொண்டு மூன்று வகையை ஆறாறாக வாங்குவது நல்லது.

கைக்கு முதலில்

கொடுப்பவர்கள் அதிகம் கொடுப்பது எழுத்துப் பயிற்சிப் புத்தகம். பிள்ளையின் கை அதற்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. ஐந்து வயதில் அவற்றில் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். தோளிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து மணிக்கட்டுக்கும், கடைசியாக விரலுக்கும் என்று கட்டுப்பாடு மெல்ல இறங்கி வருகிறது. பிசைவது, கிழிப்பது, கிள்ளுவது, வெட்டுவது எல்லாம் போதிய அளவு நடந்த பிறகு பென்சில் பிடித்தால் எழுத்து தானாக வரும். முன்னாலேயே பிடிக்கவைத்தால் முஷ்டியால் பிடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்; பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

கிரேயான் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் லேசாகப் பிடித்துத் தாளில் ஒரு கோடு இழுங்கள். நிறம் தெளிவாக விழவில்லை என்றால் வாங்காதீர்கள். மலிவான மெழுகுக் கிரேயானில் மெழுகு அதிகம், நிறம் குறைவு. பிள்ளை அழுத்தி அழுத்திக் கை வலித்து, ஒரு பக்கம் முடிப்பதற்குள் எழுந்து போய்விடும். ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வார். குற்றம் கிரேயானிடம் இருக்கிறது. எண்ணெய் வண்ணக்கட்டி மென்மையாக, பளிச்சென்று வரும், ஆனால் சட்டையிலும் மேசையிலும் ஏறும். கீழே பழைய நாளிதழ் விரிக்க முடியும் என்றால் அதுவே சிறந்தது.

விரல் பருமனுள்ள தடித்த கிரேயானைத் தாள் உரித்து, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துக் கொடுக்கலாம். துண்டு சிறிதாக இருப்பதால் முஷ்டியில் பிடிக்க வழியில்லை; கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தாமாகச் சேரும். உடைந்த கிரேயானைக் கொடுக்க வெட்கப்பட்டுக் குப்பையில் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆறு சிறு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் எட்டு நிறம், நிறத்துக்கு இரண்டு துண்டு. அந்த எட்டில் இரண்டு பழுப்பு வகைகள், ஒன்று வெளிர், ஒன்று கரும்பழுப்பு, கட்டாயம் இருக்கட்டும். கடைப் பெட்டியில் தோல் நிறம் என்று வருவது இளஞ்சிவப்பு. நம் பிள்ளைகள் தங்கள் முகத்தை வரைய அது உதவாது. வாங்கிய கிரேயானை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டுவைக்காதீர்கள். ஒரே மதியத்தில் மெழுகு இளகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

வண்ணப்பென்சிலைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும். மெல்லிய வண்ணப்பென்சில் பாலர்பள்ளிக்கு ஏற்றதல்ல. ஒரு தடவை சிமெண்டுத் தரையில் விழுந்தால் உள்ளே இருக்கும் வண்ணக்குச்சி பல இடத்தில் முறிந்துவிடும். சீவச் சீவ நுனி கழன்று விழும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தடித்த முக்கோணப் பென்சிலாகவும், கூடவே பெரிய துளையுள்ள நல்ல சீவியாகவும் கொடுங்கள்.

கத்தரிக்கோல் சுமார் 13 சென்டிமீட்டர் நீளம், நுனி மழுங்கல், அலகு எஃகு. முழுக்க நெகிழியால் ஆன பாதுகாப்புக் கத்தரிக்கோல் தாளை வெட்டாது, மடித்துக் கசக்கும். பிள்ளைக்குத் தன்னால் முடியாது என்ற எண்ணத்தைத்தான் அது கற்றுக்கொடுக்கும். 25 பேரில் இரண்டு மூன்று பேராவது இடக்கையர் இருக்க வாய்ப்புண்டு. வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் நெருங்குவதற்குப் பதில் விலகும், வெட்டும் கோட்டையும் அலகு மறைக்கும். மூன்று இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கிப் பிடியில் சிவப்பு நாடா சுற்றிக் கொடுங்கள். முதல் பாடத்துக்கு மெல்லிய தாள் வேண்டாம், அது அலகுக்கிடையில் வளையும். கடைகளில் இலவசமாகக் கொடுக்கும் நாள்காட்டியின் அட்டையை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளவாக்கில் கீறி வைத்தால் ஒரே வெட்டில் ஒரு துண்டு விழும். அந்த ஒரு வெட்டு நூறு தடவை நடந்த பிறகு நேர்கோடு, அதற்கும் பிறகு வளைகோடு.

பிசையும் மாவைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. கோதுமை மாவு இரண்டு குவளை, உப்பு ஒரு குவளை, சமையல் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. பெரியவர் ஒருவர் ஒரு குவளை கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, சூடு தணிந்ததும் பிசைய வேண்டும். ஆறு நல்ல உருண்டை வரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். உப்பு அதை இழுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் மாவு கையில் பிசுபிசுக்கும். ஒரு பிடி மாவு தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய கால் கிலோ மாவும் அதைவிடச் சற்றுக் கூடுதலாக உப்பும் ஆகும். வாரம் ஒரு தடவை என்று நாற்பது வாரத்துக்குக் கணக்குப் பார்த்தால் பத்துக் கிலோ மாவு, பதினொரு கிலோ உப்பு. மளிகைக்கடைக்காரர் ஒருவர் மனம் வைத்தால் ஓர் ஆண்டுப் பாடம் நடந்துவிடும். கோதுமை ஒவ்வாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்துக் குழி

ஒன்று முதல் நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு மூடியை எடுத்து வா என்றால் ஒன்பதைக் கொண்டுவரும். எண்ணுவதற்கு அடிப்படையான ஐந்து விதிகளை ரோஷல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் வகுத்துச் சொன்னார்கள். அதில் முதல் மூன்று இந்த வயதுக்கு உயிர்: ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டும், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம். மூன்றும் வாயால் வராது. கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது வரும்.

அதற்கு நம்மிடம் காசில்லாத கருவி ஒன்று இருக்கிறது. நம் கடைகளில் முட்டை விற்கும் பத்து முட்டை நெகிழிப் பெட்டி. வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை. குழிக்கு ஒரு மூடி வைத்துக்கொண்டே போனால் முதல் விதி தானாகக் காக்கப்படும். ஏழு வைத்தால் மேல்வரிசை நிறைந்து கீழ்வரிசையில் இரண்டு இருப்பதும், மூன்று குழி காலியாக இருப்பதும் கண்ணில் படும். ஏழும் மூன்றும் பத்து என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆறு பெட்டி, தண்ணீர்ப் போத்தல் மூடி எழுபது. பெட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தே கொடுக்க வேண்டும். முட்டை ஓட்டில் சால்மொனெல்லா கிருமி ஒட்டியிருக்கலாம். கூழ் அட்டையால் செய்த முட்டைத் தட்டைக் கழுவ முடியாது, எனவே வேண்டாம்.

மூடிக்குப் பதிலாக விதை கொடுக்க நினைப்பவர்கள் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரப்பர் கொட்டை அழகாக இருக்கும், ஆனால் உள்ளிருக்கும் பருப்பைப் பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு உண்டாகும். சாகா என்று மலாயில் சொல்லும் ஆனைக்குன்றிமணி முழுச் சிவப்பு. கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதை குன்றிமணி; அதிலிருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு, மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே போத்தலில் சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சந்தேகம் இருந்தால் போத்தலோடு தூக்கி எறியுங்கள். நஞ்சில்லாத விதையும் மூக்குக்குள் போகும், காதுக்குள் போகும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை கொடுக்கலாம், ஆனால் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும்.

பல்லாங்குழிப் பலகை இரண்டு மூன்று வீடுகளிலாவது பரணில் கிடக்கும். பதினான்கு குழி; குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் ஆட்டம்; ஒன்றுக்கு ஒன்று என்ற விதியை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பொருளை நான் அறியேன். மலாய்க்காரர் சொங்காக் பலகையில் பக்கத்துக்கு ஏழு குழியும் இரண்டு ஓரத்திலும் பெரிய குழியும் இருக்கும். அதுவும் அதே வேலையைச் செய்யும். ஐந்து வயதுக்கு ஆட்டத்தின் முழு விதியும் வேண்டாம். குழிக்கு மூன்று என்று நிரப்புவதே ஒரு வாரப் பாடம்.

செம்பனை ஓலை ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்குச்சியாகக் கொடுப்பது நல்ல யோசனை. நுனி கண்ணைக் குத்தாதபடி பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு நறுக்கி, இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்துவிட வேண்டும்.

கட்டை

ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் மரக்கட்டை என்றுதான் சொல்வேன். அமெரிக்க ஆசிரியை கேரலைன் பிராட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த அளவே இன்றும் நிற்கிறது: கனம் ஒரு பங்கு, அகலம் இரண்டு, நீளம் நான்கு. மில்லிமீட்டரில் 35, 70, 140. அரைக்கட்டை இரண்டு சேர்ந்தால் முழுக்கட்டை, முழுக்கட்டை இரண்டு சேர்ந்தால் இரட்டை. பாலம் கட்டும் பிள்ளைக்குப் பாதி, சமம், நீளம் எல்லாம் கையால் புரியும். உயரமும் சமநிலையும் புரியும். நீ பிடி, நான் வைக்கிறேன் என்று பேசவும் வேண்டியிருக்கும்.

மலேசியாவில் இதற்கு மரம் தேடி அலைய வேண்டியதில்லை. பால் வற்றி வெட்டிய ரப்பர் மரமே தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருள். தளவாடத் தொழிற்சாலையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். சூளையில் உலர்த்திப் பதப்படுத்திய பலகையாக இருக்கவேண்டும்; பச்சை ரப்பர் பலகையில் நீலப் பூஞ்சையும் துளைவண்டும் சீக்கிரம் ஏறும். தூள்மரப் பலகை வேண்டாம், ஈரத்தில் ஊதிப் பிய்ந்துவிடும். வர்ணமோ வார்னிஷோ பூசிய துண்டும் வேண்டாம்.

ஐந்து பிள்ளைகள் ஒரு மூலையில் கட்ட நூறு கட்டை வேண்டும்: முழுக்கட்டை 40, அரை 24, இரட்டை 24, நான்கு மடங்கு நீளம் 12. மொத்த எடை முப்பது கிலோவைத் தாண்டும். அதனால் அலமாரியின் அடித்தட்டில்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பட்டறையில், ஒரே நாளில், இயந்திரத்தின் அளவை மாற்றாமல் வெட்டச் சொல்லுங்கள். கனத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பத்துக் கட்டை உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் விழும். பக்கத்தில் நிற்கும் கோபுரத்தோடு பாலம் சேராது, பிள்ளை தன்மேல் தவறென்று நினைத்துக்கொள்ளும். விளிம்பை மூன்று மில்லிமீட்டர் உருட்டி, 120 எண் உப்புத்தாளிலும் பிறகு 240-இலும் தேய்த்துவிட்டால் போதும். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவக்கூடாது, ஈரத்துணியால் துடைக்கலாம்.

தமிழ் எழுத்தும் தமிழ்ப் புத்தகமும்

நன்கொடைப் பெட்டியில் ஆங்கில எழுத்துக் காந்தம் பத்து இருக்கும். தமிழ் எழுத்து ஒன்றும் இருக்காது. கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை என்பதே காரணம். அட்டையில் அச்சடித்துச் செய்துகொள்ளலாம். 247 எழுத்தும் பாலர்பள்ளிக்கு வேண்டாம். உயிரெழுத்துப் பன்னிரண்டிலிருந்து தொடங்கலாம். அட்டை பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர், எழுத்தின் உயரம் ஏழு, எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஆறு செட்.

படம்தான் முக்கியம். ஒட்டகம், ஈட்டி, ஔடதம் என்று அச்சில் காலங்காலமாக வரும் படங்களை இந்த ஊர்ப் பிள்ளை பார்த்ததே இல்லை. ஓ என்பதற்கு ஓலை, உ என்பதற்கு உடும்பு, எ என்பதற்கு எறும்பு, இ என்பதற்கு இளநீர். ஆ என்பதற்கு ஆந்தை: எலியைக் கட்டுப்படுத்த செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூண்டு வைத்துக் குடியேற்றியிருக்கும் அதே வெள்ளை முகத்து ஆந்தை. தெரிந்த பொருளின் ஒலியிலிருந்து எழுத்துக்குப் போவது பிள்ளைக்கு ஒரு படி. தெரியாத பொருள் என்றால் இரண்டு படி.

அட்டையை மெருகுறையில் இடும்போது (லேமினேட் செய்யும்போது) பலரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். பெரிய தாளாக உறையிட்டுப் பிறகு துண்டு போடுவார்கள். வெட்டிய விளிம்பில் தாள் திறந்து கிடக்கும், காற்றின் ஈரம் உள்ளே போகும், சில மாதத்தில் ஓரம் கறுத்து இரண்டாகப் பிரியும். முதலில் அட்டைகளை வெட்டி, இடைவெளி விட்டு உறையில் அடுக்கி, ஒவ்வொன்றைச் சுற்றியும் நான்கைந்து மில்லிமீட்டர் ஓரம் இருக்கும்படி வெட்ட வேண்டும். 125 மைக்ரான் உறை பிள்ளைகளின் கைக்குத் தாங்கும். மூலையை உருட்டி வெட்டாவிட்டால் கூர்முனை கன்னத்தைக் கீறும்.

மணல்தட்டு அதைவிட எளிது. முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் தட்டின் அடியில் மஞ்சள் தாள் ஒட்டி, கழுவிக் காயவைத்துச் சலித்த மணலை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் ஏறக்குறைய ஒரு கிலோ பிடிக்கும். விரலால் எழுதினால் மஞ்சள் கோடு தெரியும், ஆட்டினால் அழியும். அழிந்துவிடும் என்பதால் பிள்ளைக்குப் பயமில்லை. ரவையையும் அரிசியையும் கொட்டி எழுதச் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. எறும்பு வரும் என்பது ஒன்று. உணவை அளந்து வாங்கும் வீட்டுப் பிள்ளை முன்னால் அதைச் சிந்தக்கூடாது என்பது இன்னொன்று.

பழைய தமிழ்ப் புத்தகம் கொடுப்பவர்கள் அச்சான ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தின அச்சில் லை, னை, ணா, றா எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். பெரியவர்களுக்கான நூலகத்துக்கு அவை நல்லவை. எழுத்துக் கற்கும் பிள்ளைக்கு வேண்டாம். புதிய கதை வேண்டுமென்றால் இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் இறக்கி அச்சடிக்கலாம். முதல் நிலைக் கதைகளில் ஆறைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் வகுப்புக்கு முன்னால் வாசிக்க ஏ-3 அளவில் ஒன்றும், பிள்ளைகள் கையில் பிடிக்க ஏ-5 அளவில் ஆறும் அச்சிடுங்கள். இதே ஆறு கதையை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வாசிக்கலாம். நூறு புத்தகம் தேவையில்லை.

பூஞ்சை வாசம் அடிக்கும் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கலாம். அலமாரி சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளியும், புத்தகத் தட்டு தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் உயர்ந்தும் இருக்கட்டும். காற்றோட்டத்துக்கும் கறையானுக்கும் அது, ஆற்றோர ஊரில் வெள்ளத்துக்கும் அது.

தீர்ந்துபோகும் பொருள்

விழாவில் மேடையேற்றிப் படம் பிடிக்க ஏ-4 தாள்கட்டு அழகாக இருக்காது. ஆனால் வகுப்பை ஓட்டுவது அதுதான். 25 பிள்ளைகள், ஆளுக்கு நாளைக்கு இரண்டு தாள் என்றால் 50. ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டு பத்துப் பள்ளி நாளில் தீர்ந்துவிடும். தோட்ட அலுவலகத்திலும் கடைகளிலும் ஒருபக்கம் அச்சான தாள் மலைபோல் கிடக்கும். மறுபக்கம் பிள்ளைக்குப் போதும். அதைக் கொடுக்குமுன் தொழிலாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் இருக்கும் பக்கங்களைப் பிரித்துக் கிழித்துப் போடவேண்டும், கம்பி ஊசிகளைக் கழற்ற வேண்டும்.

வெள்ளைப் பசை ஒரு செயலுக்கு ஆளுக்கு ஐந்து மில்லி. 25 பேருக்கு 125; ஒரு லிட்டர் எட்டு தடவைக்கு வரும். பெரிய போத்தலைப் பிள்ளை கையில் கொடுத்தால் ஒரே அமுக்கில் பாதி போகும். மூடியில் ஊற்றி ஐஸ்கிரீம் குச்சியோடு கொடுத்தால் சரி. குச்சிப்பசையின் மூடியைத் திறந்து வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் காய்ந்துவிடும். பிள்ளைகள் மூடியைத் திறந்துதான் வைப்பார்கள்.

கொடுக்கும் முன் வீட்டிலேயே

பயன்படுத்திய நெகிழிப் பொம்மைகளைக் கழுவித்தான் கொடுக்கவேண்டும், அதுவும் வெறும் தண்ணீரில் போதாது. கை, கால், வாய்ப் புண் நோய் நம் பாலர்பள்ளிகளில் அடிக்கடி பரவுவது. அதைக் கொண்டுவரும் என்டெரோ வைரஸ்களுக்கு ஆல்கஹால் கைத்தெளிப்பு அவ்வளவாக உறைக்காது. முதலில் சவர்க்காரத்தால் அழுக்கு நீக்கி, சுமார் ஐந்து விழுக்காட்டு வெளுப்புத் திரவம் பத்து மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். கலவையை அன்றன்றே செய்ய வேண்டும், மற்ற துப்புரவுத் திரவத்தோடு சேர்க்கவே கூடாது. இயந்திரத்தில் துவைக்க முடியாத துணிப்பொம்மையைக் கொடுக்காதீர்கள்.

புதிய பொம்மையில் எம்-சி குறி, அதாவது பாதுகாப்புத் தரத்துக்கு ஒத்திருப்பதைக் காட்டும் குறி, இருக்கிறதா பாருங்கள். மலேசியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது வேண்டும். பொத்தான் மின்கலம் உள்ள எதையும் தவிர்த்துவிடுங்கள், அதை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகும். கழிவறைத்தாள் உருளைக்குள் முழுதாக விழும் துண்டுகள், தம்பி தங்கைகள் கூட வரும் வகுப்பில் வேண்டாம். புதிர்ப்படத்தை நீங்களே ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் கொடுக்காதீர்கள். முழுதாக இருந்தால் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஒரே அடையாளம், ஒரு படத்துக்கு நட்சத்திரம் என்றால் இன்னொன்றுக்கு வட்டம், போட்டுத் தனிப்பையில் கொடுங்கள். சிதறினால் உதவியாளர் நொடியில் பிரித்துவிடுவார்.

பூட்டிய அலமாரி

நன்கொடையாக வந்த தளவாடமும் கருவியும் பள்ளியின் சொத்துப் பதிவில் ஏறும். தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அதனால்தான் விலை உயர்ந்த பொருள் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டப்படுகிறது. இதற்கு வழி உண்டு. கொடுக்கும் கடிதத்தில் பட்டியலை இரண்டாகப் பிரித்து, இவை நிலையான பொருள், இவை பயன்படுத்தித் தீர்க்க வேண்டிய பொருள் என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இரண்டாம் பட்டியலில் இருப்பது உடைந்தாலும் தொலைந்தாலும் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை என்று வாயாலும் சொல்லுங்கள். கூடவே எழுபது சென்டிமீட்டருக்கு மேல் உயரமில்லாத திறந்த அலமாரி ஒன்றைக் கொடுத்தால், மற்ற எல்லாப் பொருளும் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். தட்டுக்கு ஒரு பொருள், தட்டின் முகப்பில் அந்தப் பொருளின் நிழற்படமும் தமிழ்ப் பெயரும். எடுத்த இடத்தில் வைப்பது அப்போதுதான் நடக்கும். அந்தப் பெயரைத் தினமும் பார்த்தே சில சொற்களைப் பிள்ளை வாசிக்கத் தொடங்கும்.

பொருளைக் கொண்டுவரும் நாளில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து எங்கும் பகிராதீர்கள். பட்டியலையும் பொருளையும் படம் எடுத்தால் கணக்குக்குப் போதும்.

2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கேற்ப ஒரே தடவை கொடுக்கும் தொகையை ஜனவரி, ஏப்ரல், ஆகஸ்ட் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் தடவை அலமாரி, கட்டை, கத்தரிக்கோல் போன்ற நிலையான பொருள். அடுத்த இரண்டிலும் தாள், பசை, கிரேயான், மாவு, உப்பு. ஒவ்வொரு தடவையும் வாங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆசிரியைக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) மூன்று நிரல் கொண்ட ஒரு தாளை அனுப்பி நிரப்பித் தரச் சொல்லுங்கள்: தீர்ந்தவை, உடைந்தவை, யாரும் தொடாதவை. மூன்றாம் நிரலை நிரப்ப ஆசிரியர்கள் தயங்குவார்கள், கொடுத்தவர் மனம் நோகுமே என்று. அதையும் நிரப்பினால்தான் அடுத்த கொள்முதல் சரியாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதில் வரும் பொருளை, புதிய பொருள் இறக்கும் அதே வண்டியில் ஏற்றி, கேட்டிருக்கும் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குக் கொண்டுபோகலாம். சொத்துப் பதிவில் ஏறிய பொருள் என்றால், ஏற்றுவதற்கு முன் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும்.